ஒரு சம்பவம், பல வாய்கள்: ஒரு கதைமுறை பிறந்த கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலையின் தலையூர் அது. சாமையும் மரவள்ளியும் விளையும் இந்த மலையின் குடிகள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேச்சு தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று எல்லா மலைகளிலும் உள்ள மலையாளிகள் சொல்லும் செய்தி. எப்படி வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று கேட்டால்தான் கதை கிளை பிரிகிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற ஏழு தொகுதி நூலில் அந்தக் கிளைகள் சில பதிவாகியிருக்கின்றன. முகமதியர் ஆட்சிக் காலத்தில் அண்ணன் தம்பி மூவர் காஞ்சியை விட்டுக் கிளம்பினார்கள் என்பது ஒன்று. கரிராமன் என்ற தெய்வம் காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் புறப்பட்டது, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் அதன் பின்னே வந்தார்கள் என்பது இன்னொன்று. யார் எந்த மலைக்குப் போனார் என்பதிலும் கதைக்குக் கதை வேறுபாடு.

மூன்றாவதாக ஒரு கதை உண்டு. ஆண்கள் சிலர் நாய்களோடு போனார்கள். நாய்கள் மட்டும் வீடு திரும்பின. ஆண்கள் செத்துப்போனார்கள் என்று ஊர் முடிவு கட்டிக் கருமாதி செய்தது. மனைவியர் கைம்பெண்கள் ஆனார்கள். உயிரோடிருந்த அவர்கள் மலைகளில் வேறு பெண்களைக் கட்டிக்கொண்டு குடியமர்ந்தார்கள். இந்தக் கதை என்னை விடுவதில்லை. கணவன் உயிரோடிருக்கும்போதே தாலி இழந்த அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள்? தெய்வம் வந்த வழியும் நாய் திரும்பிய வழியும் கதையில் இருக்கின்றன. அவர்கள் பக்கம் மட்டும் இல்லை.

ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் சொல்லவைக்கும் முறை எழுத்தில் புகழ்பெற்றது ஜப்பானில். அகுதாகவா ரியூனோசுகே 1922இல் எழுதிய ஒரு சிறுகதையில் மூங்கில் தோப்பில் ஒருவன் பிணமாகக் கிடக்கிறான். விறகுவெட்டி முதல் கொள்ளைக்காரன் வரை ஒவ்வொருவரும் சாட்சி சொல்கிறார்கள். செத்தவனுடைய ஆவியும் சாமியாடியின் வாய்வழியே தன் பக்கத்தைச் சொல்கிறது. ஒருவர் சொல் மற்றவர் சொல்லோடு ஒட்டவில்லை. கதை தீர்ப்புச் சொல்லாமலே முடிகிறது. இதை அகிரா குரோசாவா 1950இல் ராஷோமோன் என்று படமாக்கினார். மறு ஆண்டு வெனிஸ் விழாவில் அது தங்கச் சிங்கம் பெற்றது.

அந்தப் படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்த இளைஞர்களில் ஒருவர் வீணை எஸ். பாலசந்தர். அந்த உந்துதலில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். வானொலி ஏற்கவில்லை. அதுவே ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் கைக்குப் போய், ஜாவர் சீதாராமனின் எழுத்தில் படமாக வளர்ந்து, 1954 தமிழ்ப் புத்தாண்டுக்கு 'அந்த நாள்' என்று வெளிவந்தது. பாலசந்தருக்கு அப்போது 27 வயது. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில், அதுவும் ஒரு சங்கீதக்காரர், இதைத் துணிந்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நிமிர்கிறது. படம் வந்தபோது ஓடவில்லை. தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது. பெருமை பிறகு வந்தது.

கதை சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943 அக்டோபர் நாளை ஒட்டியது. வானொலி இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜி கணேசன்தான் ராஜன். கதாநாயகன் பிணமாகவே அறிமுகமாகிறான். அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். யார் பேசுகிறார்களோ அவர்கள் மனத்தின் சாயலில் ராஜனும் மாறுகிறான். கடைசியில் முடிச்சு பண்டரிபாய் நடித்த மனைவி உஷாவிடம் அவிழ்கிறது. குரோசாவா திறந்தே விட்ட கதவைப் பாலசந்தர் துப்பறியும் அதிகாரியை வைத்துச் சாத்திவிட்டார் என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் மனைவி. அவள் வாய் திறக்கும்வரை படம் காத்திருக்கிறது.

2004இல் கமல்ஹாசன் 'விருமாண்டி'யில் இதே முறையை எடுத்தார். சிறையில் ஆவணப்படம் எடுக்க வந்த பெண்ணிடம் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார். விருமாண்டி அதே நாட்களை வேறாகச் சொல்கிறான். முதல் பாதியில் நாம் வெறுத்தவனை இரண்டாம் பாதியில் கட்டியணைக்கத் தோன்றுகிறது.

எழுத்தில் புதுமைப்பித்தன் இதற்கு முன்பே வேறு வழியில் போய்விட்டார். 1943இல் வந்த 'சாப விமோசன'த்தில் அவர் பல வாய்களைத் தேடவில்லை. அகலிகை ஒருத்தியின் பக்கம் போய் உட்கார்ந்தார். ராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னதைக் கேட்டு அவள் மறுபடியும் கல்லாகிறாள். அதுவரை ராமனின் கருணைக்குச் சாட்சியாக இருந்த கதை, அவள் பக்கமிருந்து பார்த்ததும் திரும்பிவிட்டது. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, இதுவரை யாரைக் கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கதைமுறையின் உயிர் என்று நான் நம்புவது அதனால்தான்.

இதை வெள்ளிமலையில் வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. கொன்றது மெத்தனால், தொழிற்சாலை ரசாயனம். ஆனாலும் கல்வராயன் என்றாலே சாராய ஊறல் என்றுதான் எங்கும் பேச்சு. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்தது. 1976வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்த வரலாறு பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் கேள்விக்கு வந்தன. அதே மலைதான், நின்று பார்த்த இடம் மாறியது.

அந்தப் பார்வையும் மலைக்குக் கீழேயிருந்து வந்ததுதான். தர்ஸ்டன் முதல் செய்தியாளர்வரை இந்த மலையைப் பற்றிப் பெரும்பாலும் எழுதியவர்கள் வெளியார். இன்று வெள்ளிமலைப் பிள்ளைகள் கல்லூரி போகிறார்கள். கையில் கேமரா உள்ள போன் இருக்கிறது. தம்பி, தங்கைகளே, பாட்டியிடம் போய் நாய்கள் மட்டும் திரும்பிய அந்த மனைவியரின் கதையைக் கேளுங்கள். அவர் சொல்வது புத்தகத்தில் உள்ளதோடு ஒட்டாவிட்டால் திருத்தாதீர்கள். அப்படியே எழுதுங்கள், படமெடுங்கள்.