தேதி பொருந்தியது, திருகாணி வரவில்லை

மார்க்கெட்டிங் வகுப்பில் புதுப்பொருள் அறிமுகம் என்றாலே விளம்பரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். பொருள் தயாரா என்று யாரும் கேட்பதில்லை! போயிங் 787 கதையைப் பாருங்கள்.

2004-ல் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் 50 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்க, திட்டம் தொடங்கியது. செலவையும் அபாயத்தையும் பங்குபோட நினைத்த போயிங், பாகங்களைச் செய்வதோடு அவற்றை வடிவமைக்கும் வேலையில் பெரும்பகுதியையும் சப்ளையர்களிடமே விட்டது. இறக்கை ஜப்பானில், உடலின் நடுப்பகுதி இத்தாலியில், பின்பகுதி தென் கரோலினாவில். எல்லாம் உள்வேலை முடிந்து எவரெட் ஆலைக்கு வரும், மூன்றே நாளில் பூட்டிவிடலாம் என்பது கணக்கு.

2007 ஜூலை 8-ல் விமானத்தை உலகுக்குக் காட்டினார்கள். அமெரிக்க வழக்கப்படி எழுதினால் 7/8/07. பொருத்தம் பிரமாதம்! ஆனால் உள்ளே பல கருவிகள் இல்லை. பல இடங்களில் தற்காலிகத் திருகாணிகள். 2001-க்குப் பிறகு விமானத் தொழில் படுத்ததில் திருகாணி செய்கிறவர்கள் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். திடீரென்று கேட்டால் எங்கே போவது?

பாகங்களும் அரைகுறையாக வந்தன. சப்ளையர்கள் தங்கள் வேலையை வேறு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று போயிங்குக்குச் சரியாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் திருகாணியைவிட இதுதான் பெரிய கோளாறு. கண்காணிப்பையும் சேர்த்தே வெளியில் கொடுத்த மாதிரி!

2009-ல் அந்தத் தென் கரோலினா ஆலையைப் போயிங்கே விலைக்கு வாங்கியது. அதே வருடம் டிசம்பரில்தான் 787 முதன்முதலாகப் பறந்தது. 2008 மே மாதம் தருவதாகச் சொன்ன முதல் விமானம் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனபோது 2011 செப்டம்பர்.