இரவு இருமலும் வேலூர் மருத்துவர்களும்

தோல் பதனிடும் வட்டாரத்தில் மூச்சிரைப்பு என்றால் பழி முதலில் ரசாயனத்தின் மீதே விழும். குரோமியம் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் வேலூரில் ஒரு காலத்தில் பிடிபட்ட குற்றவாளி வேறு: யானைக்கால் புழு.

நடுராத்திரியில் இருமல், இளைப்பு. எக்ஸ்ரேயில் காசநோய் போன்ற நிழல். ரத்தத்திலோ ஈசினோபில் எனும் வெள்ளணுக்கள் எக்கச்சக்கம். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-லேயே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1943-ல் மருத்துவர் வைன்கார்ட்டன் 'வெப்பமண்டல ஈசினோபிலியா' என்று பெயர் சூட்டினார். ஆர்சனிக் ஊசியும் போட்டார். விஷம்தான், ஆனாலும் வேலை செய்தது.

காரணம்தான் நிச்சயப்படவில்லை. யானைக்கால் புழுதானா என்று ரத்தத்தில் தேடினால் அதன் குஞ்சு பெரும்பாலும் அகப்படாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வெப், ஜாப், கால்ட் மூவரும் நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சுத் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஈசினோபில்கள் மொய்த்துக் கிடக்க, நடுவே மைக்ரோஃபைலேரியா எனும் அந்தப் புழுக்குஞ்சு! 1960-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

மருந்து, டி.இ.சி. மாத்திரை, வழக்கமாக மூன்று வாரம். யானைக்கால் ஒழிப்புக்காக அரசு இலவசமாகக் கொடுத்த அதே மாத்திரைதான். ஆஸ்துமா என்று நினைத்து வருடக்கணக்கில் இன்ஹேலர் வாங்கும் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இரவில் கூடும் இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், ஈசினோபில் எண்ணிக்கை பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.