நான்கு ஹஜ்ஜுக் காலங்கள்

இறந்தவரின் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து, அதனை நிறைவேற்றும் அதிகாரம் பெறுவதைப் ‘புரொபேட்’ என்பர். அது ஆங்கிலேயர் கொணர்ந்த முறை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதன் உட்பொருள் நமக்குப் புதியதன்று.

ஹிஜ்ரி 36 (கி.பி. 656), ஜமல் போர் நாள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மைந்தர் அப்துல்லாஹ்வை அழைத்து, சொத்துகளை விற்றுத் தம் கடனைத் தீர்க்குமாறு வஸிய்யத் செய்தார்கள். அன்றே அவர்கள் கொல்லப்பட்டார்கள். கடனோ 22 இலட்சம். கையில் ரொக்கமில்லை. நிலங்களும் வீடுகளுமே இருந்தன. ‘காபா’ என்னும் நிலத்தை 16 இலட்சத்துக்கு விற்றும், பிற சொத்துகளைக் கொண்டும் மைந்தர் கடனைத் தீர்த்தார்கள். உடனே வாரிசுகள் பங்கு கேட்டனர். அவர்களோ இசையவில்லை. கடன் பாக்கியுள்ளோர் வந்து பெற்றுக்கொள்ளலாமென நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்தார்கள். அதன் பின்னரே பாகம் பிரித்தார்கள்.

வஸிய்யத்தை நிறைவேற்றும் ‘வஸீ’யின் பொறுப்பு இத்தகையது. அடக்கச் செலவு, கடன், மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத், பின்னர் வாரிசுப் பங்கு என்பதே ஷரீஅத் வகுத்த வரிசை. முஸ்லிம் ஆட்சிகளில் இதனைக் கண்காணித்தவர் காழி.

இந்தியாவில் 1864 ஆம் ஆண்டுச் சட்டம், அரசு காழிகளை நியமிக்கும் முறையை நீக்கிற்று. 1880 இல் அப்பதவி மீண்டும் வந்தது. ஆயின் தீர்ப்பளிக்கும் அதிகாரம் வரவில்லை. 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213 ஆம் பிரிவு, புரொபேட் கட்டாயத்தினின்று முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கு விலக்களித்தது. எனினும் இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வழக்கிட்டுப் பெறுவதற்கு 214 ஆம் பிரிவு புரொபேட், இறங்குரிமைச் சான்றிதழ் போன்றதொரு நீதிமன்ற ஆவணத்தைக் கோரியது. அதில் நமக்கு விலக்கில்லை.

சட்டம் விலக்கியது நீதிமன்றப் படியேறுவதை மட்டுமே. கணக்குக் காட்டும் கடமையை அன்று. நாம் பராயிள் பாடம் நடத்துகையில், மனைவிக்கு எட்டிலொன்று, மகளுக்கு மகனின் பாதி எனப் பலகையில் கணக்குப் பிசகுவதில்லை. ஊரிலோ, மூத்த மகன் பெட்டிச்சாவியை எடுத்துக்கொள்ள, தாயும் சகோதரிகளும் வாய்மூடி நிற்கும் வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். காழியின் கண்காணிப்பும் போயிற்று. நீதிமன்றத்தின் கட்டாயமும் இல்லை. இனி அந்த இடத்தில் நிற்க வேண்டியது நம் இறையச்சம் ஒன்றே.

கப்ரின் ஈரம் காயுமுன் பங்கு கேட்போர், நான்கு ஹஜ்ஜுக் காலங்கள் காத்திருந்த அம்மைந்தரைச் சற்றே நினைவுகூர்வாராக!