கணவாய்க்கு இருபுறமும் இரு நீதி

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய், ஆங்கிலேயர் காலத்தில் இரண்டு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது. கிழக்கே பணகுடி முதலான ஊர்கள் சென்னை மாகாணத்தில். மேற்கே நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்.

1944ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா மரண தண்டனையை ஒழித்தார். அதன்பின் கணவாய்க்குக் கிழக்கே கொலை செய்தவரைத் தூக்கிலிடச் சட்டம் இடமளித்தது. மேற்கே அதே குற்றத்துக்குத் தூக்கு இல்லை. இருபுறமும் தமிழ் பேசும் மக்களே. ஓர் உயிர் தப்புவதும் போவதும், குற்றம் எந்தப் பக்கம் நிகழ்ந்தது என்பதைப் பொறுத்திருந்தது.

சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின், 1951இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. தூக்குத் தண்டனையும் திரும்பியது. பின்னர் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மரண தண்டனை விதிக்கச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளுக்கே அது உரியது என வரையறுத்தது.

இஸ்லாமியச் சட்டத்தில் கொல்லப்பட்டவரின் வாரிசுகள் கிஸாஸ் கோரலாம், தியத் பெறலாம், மன்னிக்கவும் செய்யலாம்; மன்னிப்பே மேலானதாகப் போற்றப்படுகிறது. இந்தியச் சட்டத்தில் அந்த உரிமை வாரிசுகளுக்கு இல்லை. கருணை காட்டும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடமும் ஆளுநரிடமும் உள்ளது. தண்டனை குறித்து இன்று விவாதிப்போர், தூக்கின்றியே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வாழ்ந்த நாஞ்சில் நாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.