நகைப்பும் வரலாறும்: தென்னை வரிக் கிளர்ச்சி

2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ என்னும் திரைப்படம், குடிகளின் வரிப்பணத்தில் களித்துக் கும்பினியாருக்கு அடிபணியும் அரசனொருவனை நகைப்புக்குரியவனாக்குகின்றது. அது கற்பனையே. ஆயினும், கும்பினி வரியின் உண்மைக் கதையொன்று திருகோணமலைத் துறைமுகத்திலே தொடங்குகின்றது.

1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகக் கோட்டைகளை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1796 பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தது. இலங்கையின் கரையோரம் சென்னையிலிருந்து ஆளப்படலாயிற்று. வருவாய்ப் பொறுப்பேற்ற ரொபேட் அன்றூஸ் தென்னை மரங்களை எண்ணி வரி விதித்தார். ஊரறிந்த முதலியார்கள் ஒதுக்கப்பட, சென்னையிலிருந்து வந்த அமில்தார்கள் அதிகாரம் பெற்றனர்.

மரத்தை எண்ணி வரி கேட்டல் இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். தென்னையை நம்பி வாழ்ந்த குடியானவனுக்கோ அது வயிற்றிலடித்த செயலாகும். தென்மேற்குக் கிராமங்களிலே கிளர்ச்சி மூண்டது. 1797இல் த மியூறன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, வரியை நீக்கி முதலியார்களை மீள அமர்த்துமாறு பரிந்துரைத்தது. 1802இல் இலங்கை கும்பினியின் கையிலிருந்து முற்றாக நீங்கி முடிக்குரிய குடியேற்றநாடாயிற்று.

இதனைக் குடியானவரின் முழு வெற்றி எனலாமா? திரைப்படத்தில் தீய அரசனின் இடத்தில் நல்ல சகோதரன் அமர, துயர் தீர்கின்றது. வரலாற்றிலோ, வரி நீங்கியதும் முதலியார்களின் அதிகாரம் மீண்டது. கட்டாய ஊழியமாகிய இராசகாரியம் இறுதியாக ஒழிந்தது 1832இலேயே. ஆள்வோர் மாறுவதும் சுமை இறங்குவதும் ஒன்றல்ல என்பதே இக்கிளர்ச்சி புகட்டும் பாடமாகும்.