பூந்தமல்லித் தனி நீதிமன்றமும் காவல்துறை வாக்குமூலமும்

காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில் வகுத்த விதி. அடித்து மிரட்டி வாக்குமூலம் பெறும் வழக்கத்தைத் தடுக்க ஆங்கிலேய ஆட்சியே ஏற்றுக்கொண்ட இந்தக் காப்பை, 1987-ஆம் ஆண்டின் தடா, அதாவது பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், தன் 15-ஆம் பிரிவால் நீக்கியது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலம் அதன்பின் சாட்சியமாயிற்று. அப்பிரிவு செல்லும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஐந்து நீதிபதிகளில் இருவர் உடன்படவில்லை.

இச்சட்டத்தின் முழு வலிமையும் வெளிப்பட்ட இடம் பூந்தமல்லி. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவல்துறையினர் ஒன்பது பேரையும் பலிகொண்ட கொடுங்கொலையின் வழக்கு, அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரின் தனி நீதிமன்றத்தில், பொதுமக்களும் செய்தியாளரும் நுழைய முடியாத மூடிய விசாரணையாக நடந்தது. 1995-இல் தடா காலாவதியான பின்னரும், நிலுவை வழக்குகளுக்கு அது பொருந்தும் என்பதால் விசாரணை நிற்கவில்லை. 288 சாட்சிகளை விசாரித்த நீதிமன்றம், 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது. நேரே உச்ச நீதிமன்றம்தான். அந்நீதிமன்றம் 1999 மே 11 அன்று, இக்கொலை தடா வரையறுக்கும் பயங்கரவாதச் செயலாகாது என்று கூறி, நால்வரின் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, எஞ்சிய 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஏறத்தாழ ஏழு, எட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டவர்கள் அவர்கள். தடா குற்றம் மெய்ப்படவில்லை என்ற அதே தீர்ப்பு, தடாவின்படி பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றும் கொண்டது. இவ்வழக்கின் மிகக் கசப்பான முடிவு இதுவே.

அதன் விளைவை, தூக்கு உறுதிசெய்யப்பட்ட நால்வரில் ஒருவரான பேரறிவாளன் வழக்கில் காணலாம். கைதானபோது 19 வயதான அவர், ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கித் தந்ததாகக் கூறும் வாக்குமூலமே அவருக்கெதிரான முதன்மைச் சான்று. அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். நீதித்துறை நடுவர் முன் அளிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு வரி விடுபட்டிருக்குமா என்ற வினா, குற்றத்தின் கொடுமையைச் சொல்லித் தள்ளிவிடக் கூடியதன்று. 2022 மே 18 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

2002-இல் வந்த பொடா, அதாவது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும், இதே வாக்குமூல விதியைச் சில காப்புகளோடு மீட்டெடுத்தது. அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது ஆளும் கூட்டணியில் இருந்த மதிமுகவின் தலைவர் வைகோ, தடைசெய்யப்பட்ட இயக்கம் ஒன்றை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அவ்வாண்டே அச்சட்டத்தில் கைதாகி, பூந்தமல்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கமில்லாத வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மறு ஆண்டு பொடா நீக்கப்பட்டது. இன்று தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகள் பூந்தமல்லியில் நடப்பது உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ். காவல் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை அச்சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை; ஆயினும் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே பிணை மறுக்கும் பிரிவை 2008-இல் அதில் சேர்த்தனர்.