வாளையின் வாயும் கண்ணாடித் தொட்டியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பெரிய மீன் வளர்ப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். வரலாறு பிடித்தவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

பெர்லினில் மார்கஸ் எலீசர் பிளாக் என்று ஒரு யூத மருத்துவர் இருந்தார். 1723-ல் பிறந்தவர். தொழில் வைத்தியம், பைத்தியம் மீன் மேல். உலகின் பல மூலைகளிலிருந்து மீன்களைச் சேகரித்துப் பெயர் சூட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு மீன் அனுப்பியவர்களில் ஒருவர், நம் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். முள் குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்குமே, அந்தத் தேளி மீனுக்கு 1794-ல் பிளாக் அறிவியல் பெயர் வைத்தது தரங்கம்பாடியிலிருந்து போன மீனைப் பார்த்துத்தான்.

1799-ல் பிளாக் காலமானார். அவர் விட்டுப்போன வேலையை ஷ்னைடர் என்ற அறிஞர் முடித்து 1801-ல் லத்தீனில் வெளியிட்டார். அந்த ஒரே புத்தகத்தில் இரண்டு பெருவாய் மீன்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போல இடம்பிடித்திருக்கின்றன. ஒன்றின் பெயர் 'சைலூரஸ் அட்டு'. அதுதான் நம் வாளை. அந்த 'அட்டு'வை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். என் காதில் 'ஆத்து வாளை' என்றுதான் விழுகிறது. இன்னொன்று அமேசான் நதியின் கெளுத்தி. கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, செக்கச்செவேலென்ற வால். கடைக்காரர்கள் 'ரெட் டெயில் கேட்ஃபிஷ்' என்று விற்பது இதைத்தான். பிரேசிலில் இதன் பெயர் 'பிராராரா'. துப்பி மொழியில் 'பிரா' என்றால் மீன், 'அராரா' என்றால் பஞ்சவர்ணக்கிளி.

கிளி என்றதும் ஒரு கிளைக்கதை. அமேசான் பழங்குடி மக்கள் பச்சைக்கிளிக்குப் பெரிய கெளுத்தி மீனின் கொழுப்பை ஊட்டுவார்கள், அப்போது இறகில் சிவப்பும் மஞ்சளும் கலந்து வரும் என்று வாலஸ் சொன்னதை டார்வின் 1868-ல் எழுதிய நூலில் குறிப்பிட்டிருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் பழத்தை வாளை கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் அதில் வருகிறான். வகுப்பில் இதை நடத்தும்போது, 'மீன் எங்கேயாவது மாம்பழம் தின்னுமா சார்?' என்று யாராவது ஒரு பையன் கேட்காமல் இருக்கமாட்டான். அமேசானில் வெள்ளம் காட்டுக்குள் ஏறும் காலத்தில் பிராராராவும் மரத்திலிருந்து விழும் பழத்தை விழுங்கும். மீன், நண்டு, பழம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். எதிரே வந்தது வாய்க்குள் போகுமா, அவ்வளவுதான் கணக்கு.

இப்படிப்பட்ட மீன் வீட்டுக் கூடத்துக்கு எப்படி வந்தது? 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன், கொஞ்சம் நீர்ச்செடி, சில நத்தை வைத்து, தண்ணீர் மாற்றாமலே அவை பிழைப்பதைக் காட்டினார். செடி பிராணவாயு தரும், நத்தை அழுகலைத் தின்னும், மீன் நலமாக இருக்கும். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். நம் சென்னை மெரினாவிலும் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் 1909-ல் ஒரு மீன் காட்சியகம் வந்தது. வாரிங்டனின் தொட்டி முழுக்க முழுக்க சமநிலை பற்றியது. யார் எவ்வளவு தின்கிறார், எவ்வளவு கழிக்கிறார் என்ற கணக்கு அதில் இருந்தது. பின்னால் மின்சாரப் பம்பும் வடிகட்டியும் வந்தபோது கணக்கை இயந்திரத்திடம் விட்டுவிட்டு நாம் மீனின் அழகை மட்டும் பார்க்க ஆரம்பித்தோம். என் அபிப்பிராயத்தில் கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அடுத்த திருப்பம் ஊசியில். மீனின் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்யும் முறையை 1930-களில் பிரேசிலில் ரொடோல்ஃபோ வான் இஹேரிங் வளர்த்தெடுத்தார். நம் நாட்டில் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி கெண்டை இனங்களில் இதைச் சாதித்தார். மீன் விவசாயிகள் நாள் அந்தத் தேதியில்தான் கொண்டாடப்படுகிறது. ஏழைத் தட்டில் மீன் விழ வந்த வித்தை இது. அதே வித்தைதான் பின்னால் தென்கிழக்காசியப் பண்ணைகளில் அமேசான் கெளுத்தியையும் குஞ்சு குஞ்சாகப் பொரிக்க வைத்தது. அபூர்வமாக இருந்த மீன் இரண்டு மூன்று அங்குலக் குஞ்சாகப் பாலித்தீன் பையில் கொளத்தூர் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். ஆறடித் தொட்டியில் அரோவானா, ரூப்சந்த், இரண்டு ஆஸ்கார் வைத்திருக்கிறாராம். 'சார், ஒரு ரெட் டெயில் குஞ்சு வாங்கி விடலாம்னு இருக்கேன். எல்லாம் பெரிய மீன்தானே, ஒண்ணையொண்ணு என்ன பண்ணிடும்?' என்றார்.

இன்றைக்கு ஒன்றும் பண்ணாது. இன்று அந்தக் குஞ்சை ஆஸ்கார் விரட்டும். ஆனால் இந்தக் கெளுத்தி நன்றாகத் தின்றால் முதல் வருடத்திலேயே ஓரடியைத் தாண்டிவிடும். ஆஸ்கார் முழு வளர்ச்சியில் ஓரடி சுமார். பொங்கலுக்கு வாங்கும்போது சின்னவனாக இருந்தவன் அடுத்த பொங்கலுக்குள் சம உயரம் வந்து, பிறகு வாயளவில் மிஞ்சிவிடுவான். இது கடித்துத் தின்னும் மீன் இல்லை. சட்டென வாயைத் திறக்கும். தண்ணீரோடு எதிரில் இருப்பதும் உள்ளே போய்விடும். அதுவும் பெரும்பாலும் இரவில், மீசையால் துழாவி. காலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு மீன் குறையும், கெளுத்தி வயிறு புடைத்து அடியில் படுத்திருக்கும். அளவு பார்த்துச் சேர்த்தேன் என்பவர்கள் வாங்கிய நாள் அளவைத்தான் பார்க்கிறார்கள்.

ரூப்சந்தும் அரோவானாவும் தப்பினாலும் தொட்டி தப்பாது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி, சுமார் 680 லிட்டர். பிராராரா ஒரு மீட்டருக்கு மேல் வளரும். 50 கிலோவைத் தாண்டியவற்றைத் தூண்டிலில் பிடித்திருக்கிறார்கள். மூன்றடி மீன் இரண்டடி அகலத்தில் திரும்புவது எப்படி? அது கழிக்கும் அம்மோனியா மற்ற மீன்களின் செவுளைத்தான் முதலில் கருக்கும்.

நம் மீன் விவசாயிகளுக்கு இது புதிய பாடம் இல்லை. கூட்டு மீன் வளர்ப்பில் கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். வாயும் இரையும் வேறு வேறு என்பதால் ஒரே குளத்தில் ஒத்துப்போகின்றன. குஞ்சு விடுமுன் குளத்தில் கிடக்கும் விரால், வாளை, கெளுத்தியை ஒழிக்க ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். அதிலுள்ள சப்போனின் மீனைக் கொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் இறங்கியபின் குஞ்சு விடுவார்கள். வேட்டை மீனை வெளியேற்றிய பிறகே அடுத்த வேலை.

தொட்டிக்கு அடங்காத மீன் எங்கே போகிறது என்பதுதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000-த்தில் தடை போட்டது. கள்ளத்தனமாக வளர்ப்பது இன்றும் நிற்கவில்லை. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா வலையில் விழுந்தது. யாரோ ஆசையாக வளர்த்த மீன்.

மாணவரிடம் ஆஸ்காரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். 'ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துட்டேன் சார்' என்கிறார். ரெட் டெயில் குஞ்சு வாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.